ஸ்டெப்னியில் காற்று இல்லை

கருப்பண்ணனின் சுமோவுக்கு வயது பத்தொன்பது. பெரம்பலூர் வாடகை ஸ்டாண்டில் நிற்கும் வண்டிகளிலேயே அதுதான் பழசு. ஆர்.சி. புத்தகத்தில் வெள்ளை என்று போட்டிருக்கும். ஆனால் இடது பக்க நடுக்கதவு, பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் உடைசல் கடையிலிருந்து வந்தது, அது சந்தன நிறம். அந்தக் கதவை உள்ளேயிருந்து திறக்க முடியாது, யாராவது வெளியே நின்று திறந்துவிட வேண்டும். மழை பெய்தால் பின்சீட்டில் ஒழுகும். எஞ்சினில் மட்டும் குறை சொல்ல முடியாது. பனிக்காலத்தில்கூட இரண்டாவது செல்ஃபில் பிடித்துவிடும்.

எறையூர் மில்லுக்குக் கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்தவன் அவன். அப்புறம் கரும்பு டிராக்டர் ஓட்டினான். அப்புறம்தான் இந்த வண்டி, பழசாகவே வாங்கியது. அவன் தெருவில் நாலு சக்கரம் வைத்திருந்த முதல் ஆள் அவன்தான். பிரசவத்துக்கும் சாவுக்கும் ராத்திரி பகல் பார்க்காமல் அந்த வண்டிதான் ஓடியது. அதில் ஏறாத வீடு அந்தத் தெருவில் கிடையாது.

டயர்தான் போய்விட்டிருந்தது. முன்னால் இரண்டும் எப்படியோ தாங்கின. பின்னால் வலது பக்கத்து டயரில் பட்டன் சுத்தமாகத் தேய்ந்து, ஓரத்தில் நூல் தெரிய ஆரம்பித்திருந்தது. அவன் மனைவி வெற்றிச்செல்வி வாசல் பெருக்கும்போதெல்லாம் அதைப் பார்த்துவிட்டுச் சொல்வாள்.

"நூலு தெரியுதுங்க. இதுல ஊரு சனத்த ஏத்திக்கிட்டுப் போறீங்க."

"முகூர்த்த மாசம் வரட்டும். நாலையும் ஒண்ணா மாத்திடுறேன்."

"போன முகூர்த்தத்துக்கும் இதத்தான் சொன்னீங்க."

போன முகூர்த்தத்தில் ரேடியேட்டர் போய்விட்டது. அதற்கு முன்னால் கிளட்ச். பழைய வண்டி வைத்திருப்பவனுக்கு ஒன்றைச் சரிசெய்து நிமிர்வதற்குள் அடுத்தது காத்திருக்கும். உயிருக்கு ஆபத்தானதைவிட, இன்றைக்கு ஓடாமல் நிறுத்திவிடுவதைத்தான் முதலில் பார்க்கத் தோன்றும். டயர் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் அது கடைசிக்குப் போனது.

அன்றைக்குக் காலையில் மூன்று பேர் ஸ்டாண்டுக்கு வந்தார்கள். வரிசையில் முன்னால் புது வண்டிகள் நின்றன. பெரியவர் அவற்றையெல்லாம் தாண்டி நேராகச் சுமோவிடம் வந்தார். ஐம்பது வயதிருக்கும், வெள்ளைச் சட்டை, கையில் ஒரு மஞ்சப்பை. பெயர் பிச்சைமுத்து என்பது கருப்பண்ணனுக்குப் பிறகு தெரிந்தது. கூட இருந்தவர்களில் ஒருவன் அவருடைய அண்ணன் மகன் அறிவழகன். இன்னொருவன் அவன் சிநேகிதன் சுதர்சன்.

"ஏம்ப்பா, அரியலூர் போயி எங்கூட்டுப் புள்ளய அழைச்சிக்கிட்டு, அப்படியே ஆண்டிமடம் பக்கம் கொலசாமி கோயிலுக்குப் போவணும். வண்டி தாங்குமா?"

"சென்னைக்கே போயிட்டு வரும்ங்க."

சுதர்சன் முன்னால் ஏறினான். மற்ற இருவரும் நடுசீட்டில் உட்கார்ந்தார்கள். சிமென்ட் லாரிகளுக்கு நடுவில் அரியலூர் ரோட்டில் வண்டி போய்க்கொண்டிருந்தபோது பிச்சைமுத்து பேச்சுக் கொடுத்தார்.

"நீ எந்த ஊரு?"

"எறையூர் பக்கம்ங்க."

"எறையூர்ல எந்தத் தெரு?"

கருப்பண்ணன் சொன்னான். அவர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வண்டி சொந்தமா? பரவால்லியே, நீங்கள்லாம் வண்டி வெக்கிற அளவுக்கு வந்துட்டீங்க" என்று சிரித்தார். சுதர்சனும் சிரித்தான். அறிவழகன் மட்டும் நகத்தைக் கடித்துக்கொண்டு வெளியே பார்த்தான். ஏன் புது வண்டிகளை விட்டுவிட்டு இந்த வண்டியை எடுத்தார்கள் என்று கருப்பண்ணன் அப்போது யோசிக்கவில்லை. வாடகை வந்த சந்தோஷத்தில் இருந்தான்.

அரியலூரில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகும் ரோட்டில் ஒரு சந்து முனையில் நிறுத்தச் சொன்னார்கள். எஞ்சினை அணைக்க வேண்டாம் என்றார் பிச்சைமுத்து. கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் வந்தாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். தோளில் சாப்பாட்டுப் பை. கழுத்தில் மஞ்சள் கயிறு புதுசாக இருந்தது. பக்கத்தில் எங்கேயோ ரத்தப் பரிசோதனை செய்யும் இடத்தில் வேலை பார்த்தாள். அவள்தான் பூவிழி, அறிவழகனின் தங்கை.

அறிவழகன் இறங்கிப் போனான். அவனைப் பார்த்ததும் அவள் நின்றுவிட்டாள். ஓடவில்லை. முகத்தில் பயமும் சந்தோஷமும் சேர்ந்தே தெரிந்தது.

"அம்மாவுக்கு ரொம்ப முடியல பூவு. உன்னையப் பாக்கணுங்குது."

"என்னாச்சு அம்மாவுக்கு?" என்று இரண்டடி முன்னால் வந்தாள். அதற்குள் பிச்சைமுத்து வலது பக்கமாக இறங்கிச் சுற்றி வந்து சந்தனக் கதவைத் திறந்துவிட்டிருந்தார். அவள் பின்கழுத்தைப் பிடித்து உள்ளே தள்ளினார். அவரும் அறிவழகனும் மறுபக்கம் ஏறினார்கள். கதவு சாத்தப்பட்டது. ஒற்றைச் செருப்பு ரோட்டிலேயே கிடந்தது.

கருப்பண்ணன் திரும்பினான். "என்னங்க இது?"

"குடும்ப விசயம். நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

"இல்லங்க, இது தப்புங்க. நான் வரல. எறங்கிக்கங்க."

சுதர்சன் இடுப்பிலிருந்து ஒரு கத்தியை எடுத்து கியர் கம்பிக்குப் பக்கத்தில் மடியில் வைத்துக்கொண்டான். கருப்பண்ணன் வண்டியை எடுத்தான்.

டவுனைத் தாண்டுவதற்குள் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கண்ணாடியில் எல்லாம் தெரிந்தது. அவள் கத்தினாள். பிச்சைமுத்து அவள் வாயைப் பொத்தினார். அவள் அவர் கையைக் கடித்தாள், விடவில்லை. அவர் அவள் தலைமுடியைச் சுற்றிப் பிடித்து ஜன்னல் கம்பியில் மோதினார். ஒருமுறை இல்லை, அவள் கடித்த பல்லை எடுக்கும்வரை மோதினார். நெற்றி பிளந்து ரத்தம் சந்தனக் கதவில் வழிந்தது. அவள் போன் அடித்தது. அதை வாங்கி ஒரு லாரிச் சக்கரத்துக்கு அடியில் எறிந்தார்.

"அந்தத் தெருப் பயலோட ஒரு மாசம் குடும்பம் நடத்திட்ட. நாங்க பந்தியில உக்கார முடியல. உங்கப்பன் வூட்ட வுட்டு வெளிய வரல."

"சித்தப்பா, நான் எங்கியாச்சும் போயிடுறேன். உங்க கண்ணுல படவே மாட்டேன்."

"படமாட்ட. அதுக்குத்தான் போறோம்."

அந்தத் தெருப் பயல் என்று அவர் சொன்னது அவள் கட்டிக்கொண்ட வீரமணியை. தன்னையும் அந்த வார்த்தையில் சேர்த்துத்தான் பேசுகிறார் என்று கருப்பண்ணனுக்குத் தெரிந்தது. அவன் காதுபட அதைச் சொல்ல அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. அவன் வண்டியில் பொருத்தியிருக்கும் இன்னொரு சாமான் மாதிரி.

செந்துறை வந்தது. கடைத்தெருவில் ஆட்கள் இருந்தார்கள், ஒரு போலீஸ்காரர் பைக்கில் எதிரே போனார். வண்டியைக் கொண்டுபோய்க் கூட்டத்தில் நிறுத்தியிருக்கலாம். கருப்பண்ணன் நிறுத்தவில்லை. மடியில் கத்தியோடு ஒருவன் பக்கத்தில் இருந்தான், வீட்டில் வெற்றிச்செல்வியும் பிள்ளைகளும் இருந்தார்கள், அந்தப் பெண் யார் என்றே அவனுக்குத் தெரியாது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி செந்துறையைத் தாண்டிவிட்டான். அதற்குப் பிறகு முந்திரிக்காடு ஆரம்பித்துவிட்டது.

மஞ்சப்பை சீட்டுக்குக் கீழே சாய்ந்து கிடந்தது. அதற்குள்ளிருந்து ஒரு பாட்டில் உருண்டு பாதி வெளியே வந்தது. கரும்புக் காட்டில் வேலை செய்தவனுக்கு அந்தப் பாட்டிலை அடையாளம் தெரியாமல் போகாது. பூச்சிமருந்து. புதுசு, சீல் உடைக்கவில்லை. அறிவழகன் குனிந்து அதைப் பைக்குள் தள்ளினான்.

ஆண்டிமடத்துக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது பின்பக்க வலது டயர் வெடித்தது.

வேட்டுச் சத்தம் மாதிரி கேட்டது. வண்டியின் பின்பக்கம் வலதுபுறமாக இழுத்துக்கொண்டு போனது. எதிரே முந்திரி மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று ஹாரன் அடித்தபடி நூலிழையில் தாண்டிப்போனது. கருப்பண்ணன் பிரேக்கைத் தொடாமல் ஸ்டியரிங்கை மட்டும் இறுக்கிப் பிடித்து, செம்மண் ஓரத்தில் இறக்கி, ஒரு முந்திரி மரத்தின் கிளைக்குள் கொண்டுபோய் நிறுத்தினான். சுதர்சனின் தலை மோதியதில் முன் கண்ணாடி விரிசல் விட்டது.

எல்லாரும் இறங்கினார்கள், பூவிழியையும் அறிவழகனையும் தவிர. டயரில் பாதி ரப்பர் கிழிந்து ரோட்டில் கிடந்தது. மீதி ரிம்மில் தொங்கியது.

"ஸ்டெப்னியப் போடு. சீக்கிரம்" என்றார் பிச்சைமுத்து.

கருப்பண்ணன் வண்டிக்கு அடியில் படுத்து ஸ்டெப்னியை இறக்கினான். உருட்டும்போதே தெரிந்தது. கையால் அமுக்கினால் உள்ளே போனது.

"காத்து எறங்கிருக்குங்க."

"என்னாது?"

"ஸ்டெப்னியில காத்து இல்லங்க. போட்டாலும் ஓடாது."

பிச்சைமுத்து காலில் இருந்த செருப்பைக் கழற்றினார். முதல் அடி கன்னத்தில் விழுந்தது. அடுத்தது வாயில். கருப்பண்ணன் கையைத் தூக்கித் தடுத்தபோது சுதர்சன் பின்னாலிருந்து அவன் இரண்டு கையையும் முறுக்கிப் பிடித்துக்கொண்டான். செருப்பு திரும்பத் திரும்ப வந்தது. எத்தனை என்று அவனுக்குத் தெரியாது. கீழுதடு கிழிந்தது. பல் ஒன்று ஆட்டம் கண்டது. அவர் மூச்சிரைக்க அடித்தார்.

"வண்டி வெச்சிருக்கானாம் வண்டி. மொட்டை டயரு, காத்து இல்லாத ஸ்டெப்னி. இதுக்கு ஒனக்கு காக்கிச் சட்டை வேற."

கீழே விழுந்தவனைச் சுதர்சன் விலாவில் உதைத்தான். ரோட்டில் ஒரு பைக் வேகத்தைக் குறைத்தது. "டிரைவரு குடிச்சிட்டு ஓட்டுறான்ப்பா" என்றார் பிச்சைமுத்து. பைக் போய்விட்டது.

பிறகு அவர் ஒரு லோடு ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினார். அடுத்த ஊரில் பஞ்சர் கடை இருப்பதாக அந்த டிரைவர் சொன்னான். ஸ்டெப்னியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு அவரும் சுதர்சனும் ஏறினார்கள். கருப்பண்ணனின் போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். சாவியைக் கேட்கவில்லை. மூன்று சக்கரத்தில் நிற்கிற சுமோ எங்கே போகும் என்று நினைத்திருப்பார்.

"அவள எறக்காத. நான் வந்ததும் பாத்துக்கலாம்" என்று அறிவழகனிடம் சொன்னார். கத்தியைச் சுதர்சன் அவனிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

வெயில் ஏறியிருந்தது. கருப்பண்ணன் பின் சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான். வாயில் ரத்தம் ஊறிக்கொண்டே இருந்தது, துப்பினான். அவன் வாழ்க்கையில் அடி வாங்காதவன் இல்லை. சின்ன வயதில் கரும்புக் காட்டில் வாங்கியிருக்கிறான். ஆனால் இந்த வண்டியை வாங்கிய பிறகு யாரும் அவனைக் கை நீட்டி அடித்ததில்லை. அதுவும் வண்டிக்குப் பக்கத்திலேயே, செருப்பால். பக்கத்தில் வீல் ஸ்பேனர் கிடந்தது. ஒரு முழ நீளம், இரும்பு.

வண்டிக்குள் அண்ணனும் தங்கையும் பேசுவது கேட்டது.

"அண்ணா, தண்ணி குடு."

"தண்ணி இல்ல."

"பையில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். நான் பாத்தேன்."

அறிவழகன் அழுவது கேட்டது. "நீயே குடிச்சிடு பூவு. சித்தப்பா வந்தாருன்னா அடிச்சி ஊத்துவாரு. அத என்னால பாக்க முடியாது. நீயே குடிச்சிடு."

"நான் ஏன் சாவணும்? நான் என்ன பண்ணேன்?"

"குடிச்சிடுன்னு சொல்றேன்ல."

"மாட்டேன்."

சீல் உடைபடும் சத்தம் கேட்டது. மருந்து நெடி வெளியே வந்தது. அவள் உதைக்கும் சத்தம், தலை கதவில் இடிக்கும் சத்தம். கதவை உள்ளேயிருந்து இழுத்து இழுத்துப் பார்த்தாள். அது திறக்காது. புது வண்டிகளைத் தாண்டி அவர்கள் இதைத் தேடி வந்தது இந்தக் கதவுக்காகத்தான் என்று கருப்பண்ணனுக்கு இப்போதுதான் உறைத்தது.

கருப்பண்ணன் எழுந்தான். அவளைக் காப்பாற்ற வேண்டும் என்று எழுந்தானா, செருப்படி வாங்கிய கோபத்தில் எழுந்தானா என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. ஸ்பேனரை எடுத்தான். வெளியிலிருந்து கதவைத் திறந்தான். பூவிழி வெளியே சரிந்து விழுந்தாள். அவள் தாடையெல்லாம் மருந்து. ஆனால் பல்லை இறுகக் கடித்திருந்தாள், உள்ளே போகவில்லை.

"துப்பு. நல்லாத் துப்பு. மூக்கச் சிந்து" என்றான். வண்டியில் ரேடியேட்டருக்கு வைத்திருந்த தண்ணீர் கேனை அவள் பக்கம் தள்ளினான். அதற்குள் அறிவழகன் கத்தியோடு இறங்கிவிட்டான்.

"ஒதுங்கிடு. ஒனக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

"என் வண்டிடா இது."

அறிவழகன் கத்தியை வீசினான். அது கருப்பண்ணனின் தொடையில் இறங்கியது. சூடாக இருந்தது, வலி வரவில்லை. கருப்பண்ணன் குனிந்த வாக்கிலேயே ஸ்பேனரை வீசினான். முழங்காலில் பட்டது. கரும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம். அறிவழகன் கத்தக்கூட இல்லை, வாயைத் திறந்தபடி உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் கருப்பண்ணனின் காலைக் கட்டிக்கொண்டான். இருவரும் செம்மண்ணில் உருண்டார்கள். கத்தி இன்னும் அவன் கையில் இருந்தது. கருப்பண்ணன் மணிக்கட்டில் ஓங்கி அடித்தான். கத்தி விழுந்தது. திரும்ப அடித்தான். மூன்றாவது அடிக்கு ஸ்பேனரைத் தலைக்கு மேலே தூக்கினான்.

"அண்ணே, வேணாம். எங்கண்ணனை உட்டுடுங்க."

பூவிழி முகத்தில் தண்ணீரும் ரத்தமும் வழிய நின்றிருந்தாள். ஸ்பேனர் அப்படியே நின்றது. கருப்பண்ணனுக்கு அடிக்காமல் அதைக் கீழே வைக்க மனமில்லை. அந்தத் தலை அவனுக்குக் கீழே இருந்தது, ஒரே அடி போதும். அவள் வந்து அவன் கையைப் பிடித்தாள். அவன் எழுந்தான்.

"ஏறு வண்டியில."

"டயரு?"

"ஏறும்மா."

செல்ஃப் முதலில் பிடிக்கவில்லை. இரண்டாவதில் பிடித்தது. முதல் கியரில் போட்டு கிளட்ச்சை விட்டதும் வண்டி நொண்டிக்கொண்டு ரோட்டில் ஏறியது. ரப்பர் கிழிந்து பறந்தது. அதற்கப்புறம் வெறும் ரிம். தார் ரோட்டில் இரும்பு உரசும் சத்தத்தில் காதடைத்தது. வண்டி முழுக்க உதறியது. கீழே ஏதோ உடைந்து தொங்கி இழுபட்டது. எட்டு வருஷமாக ஒவ்வொரு போல்ட்டாகப் பார்த்துப் பார்த்து மாட்டிய வண்டி அவன் கண்முன்னால் பிய்ந்துகொண்டிருந்தது. தொடையிலிருந்து ரத்தம் ஆக்சிலேட்டரில் சொட்டியது.

"எங்க போறோம்?"

"ஆண்டிமடம் ஸ்டேஷனுக்கு."

"அந்தப் பக்கந்தான சித்தப்பா போயிருக்காரு."

"திரும்பிப் போனா செந்துறை ரொம்பத் தூரம். வண்டி தாங்காது."

ஒரு வளைவில் அவர்கள் எதிரே வந்தார்கள். யாரிடமோ வாங்கிய பைக். சுதர்சன் ஓட்டினான். பின்னால் பிச்சைமுத்து, மடியில் காற்றடைத்த ஸ்டெப்னி. சுமோவைப் பார்த்ததும் பைக்கை ரோட்டுக்குக் குறுக்கே நிறுத்தினார்கள். பிச்சைமுத்து டயரை இறக்கி வைத்துவிட்டு நடு ரோட்டில் கையைத் தூக்கினார். நிறுத்திவிடுவான் என்று அவருக்கு நம்பிக்கை இருந்தது. முகத்தில் அது தெரிந்தது.

கருப்பண்ணன் நிறுத்தவில்லை. கடைசி நொடியில் அவர் பாய்ந்தார். சைடு கண்ணாடி அவர் தோளில் அடித்துப் பெயர்ந்துகொண்டு போனது. பைக்கின் பின்சக்கரத்தைச் சுமோ இடித்துத் தள்ளியது. சுதர்சன் பைக்கோடு பள்ளத்தில் போய் விழுந்தான். ஸ்டெப்னி ரோட்டில் உருண்டு முந்திரிக்காட்டுக்குள் போனது. பின்னாலிருந்து ஒரு கல் வந்து கண்ணாடியை உடைத்தது. அடுத்த கல் கூரையில் விழுந்தது. பூவிழி சீட்டுக்குக் கீழே சுருண்டுகொண்டாள். திரும்பிப் பார்த்தபோது பிச்சைமுத்து ஒற்றைத் தோளைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஓடி வந்தார். நொண்டி வண்டி அவ்வளவு மெதுவாகத்தான் போனது.

அடுத்த ஊர் நிறுத்தத்தில் டவுன் பஸ் ஒன்று நின்றது. கருப்பண்ணன் சுமோவைக் கொண்டுபோய் அதன் மூஞ்சிக்கு நேரே நிறுத்தினான். ரிம் உடைந்து வண்டி ஒரு பக்கமாக உட்கார்ந்தது. பஸ் டிரைவர் திட்டுவதற்கு வாயைத் திறந்தவர், அவளைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

முந்திரி பொறுக்கிவிட்டு வீட்டுக்குப் போகிற பெண்கள்தான் முதலில் இறங்கினார்கள். அதில் அம்சவள்ளி என்று ஒருத்தி, கருத்து உயரமாக இருப்பாள், பூவிழியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"யாரு புள்ள நீ? என்னா நாத்தம் இது, மருந்தா?"

"குடிக்கல. வாயில ஊத்துனாங்க. குடிக்கல."

"எங்க வூட்டுப் பொண்ணு அது. அனுப்புங்க" என்று பிச்சைமுத்து ஓடி வந்தார். "புத்தி சரியில்லாதது. இந்த டிரைவரு தூக்கிக்கிட்டு வந்துட்டான்."

கூட்டம் கருப்பண்ணனைப் பார்த்தது. அவன் காக்கிச் சட்டையும் ரத்தமும் அந்த ஒரு நிமிடம் அவனுக்கு எதிராகத்தான் இருந்தன. ஒருவன் அவன் சட்டையைப் பிடித்துவிட்டான்.

"அவரு இல்ல" என்றாள் பூவிழி. சத்தமாகச் சொல்ல வரவில்லை. திரும்பச் சொன்னாள். "அவரு இல்ல. இந்தாளு எங்க சித்தப்பா. இவருதான் கொல்ல வந்தது."

பிச்சைமுத்து அவளை நோக்கிப் பாய்ந்தார். அம்சவள்ளி கையிலிருந்த தொரட்டுக் கம்பை அவர் மார்பில் வைத்துத் தள்ளினாள். அவர் தடுமாறி விழுந்தார். எழுவதற்குள் மற்ற பெண்களும் சுற்றிக்கொண்டார்கள். அவர்கள் அடித்ததைக் கருப்பண்ணன் பஸ் படியில் உட்கார்ந்து பார்த்தான். நிறுத்தச் சொல்லவில்லை. பஸ் டிரைவர்தான் இறங்கி விலக்கினார். அந்த பஸ்ஸே எல்லாரையும் ஏற்றிக்கொண்டு எங்கேயும் நிற்காமல் ஆண்டிமடம் ஸ்டேஷனுக்குப் போனது.

அறிவழகனை ஆம்புலன்சில் கொண்டுவந்தார்கள். சுதர்சன் ராத்திரி அகப்பட்டான். கருப்பண்ணனுக்குத் தொடையில் தையல் போட்டார்கள். பூவிழிக்கு மருந்து உள்ளே போகவில்லை என்றாலும் தோல் வழியாக இறங்கியது போதுமாக இருந்தது. ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வீரமணி வந்தான். மெலிந்த பையன், செல்போன் கடையில் வேலை. கருப்பண்ணனின் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றுவிட்டுப் போனான்.

சுமோவை கிரேன் வைத்துத் தூக்கி ஸ்டேஷன் வாசலில் போட்டார்கள். கேஸ் முடியும்வரை அங்கேதான் என்றார்கள். கோர்ட்டில் மனுப் போட்டு எடுக்கலாம் என்று ஒரு வக்கீல் சொன்னார். போய்ப் பார்த்த மெக்கானிக் அரியமுத்து, பின்பக்க அச்சு வளைந்திருக்கிறது, அதை மூடியிருக்கும் ஹவுசிங் விரிந்திருக்கிறது, எடுத்தாலும் உடைசலுக்குத்தான் ஆகும் என்றார். கருப்பண்ணன் சீட்டுக்கு அடியிலிருந்து தன் டூல்ஸ் பெட்டியை மட்டும் எடுத்துக்கொள்ளக் கேட்டான். அதுவும் கேஸ் சாமான் என்றார்கள்.

மூன்று மாதத்தில் பிச்சைமுத்து ஜாமீனில் வந்தார். ஜாமீன் கையெழுத்தைப் போட வேண்டிய ஊரில் போட்டுவிட்டு, ஒரு நாள் விடிகாலையில் எறையூர்ப் பக்கம் வந்துவிட்டார். கருப்பண்ணன் வாசலில் குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தான். காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது அரிவாள் இறங்கிக்கொண்டிருந்தது. இடது கையை நீட்டினான். சுண்டுவிரலும் மோதிரவிரலும் தண்ணீர்க் குவளைக்குள் விழுந்தன. அடுத்த வெட்டு தோளில். அவன் சுவரோரமாகச் சரிந்தான். பிச்சைமுத்து வாயே திறக்கவில்லை. வேலை செய்கிற மாதிரி வெட்டினார்.

வெற்றிச்செல்வி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். வாசலோரம் வண்டியின் பழைய சாமான்கள் குவிந்து கிடந்தன. போன வருஷம் மாற்றிய சைலன்சர், கிழிந்த பெல்ட், ஸ்பிரிங் பட்டை. அவள் கைக்கு அகப்பட்டது பட்டை. ஆம்பிளைகளே இரண்டு கையால் தூக்குகிற கனம். அதை எடுத்து அவர் கழுத்துப்பட்டையில் இறக்கினாள். அவர் திரும்பினார். அரிவாள் அவள் முழங்கையை உரசிக்கொண்டு போனது. அவள் திரும்ப அடித்தாள். அவர் மண்டியிட்டார். அரிவாளை விட்டுவிட்டார். அவள் விடவில்லை. தெரு எழுந்து வந்து அவளைப் பிடித்து இழுக்கும்வரை அடித்துக்கொண்டே இருந்தாள்.

"போதும் விடுத்தா. செத்துடப் போறான்" என்றார்கள்.

"சாவட்டும்" என்றாள். பட்டையை அவள் கையிலிருந்து பிடுங்கத்தான் வேண்டியிருந்தது.

பிச்சைமுத்து சாகவில்லை. தோள் எலும்பும் மூன்று விலாவும் உடைந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் திருச்சி ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். அப்புறம் ஜாமீன் கிடைக்கவில்லை. விரல்களை ஐஸில் வைத்துக் கொண்டுபோயும் ஒட்ட முடியவில்லை. கருப்பண்ணனால் இப்போதும் ஸ்டியரிங் பிடிக்க முடியும். தூர டிரிப் போனால் தோள் மரத்துவிடுகிறது. வேறொருவருடைய வண்டியை உள்ளூரில் மட்டும் ஓட்டுகிறான். ராத்திரியில் நாய் குரைத்தால் வெற்றிச்செல்வி எழுந்து கதவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். அவளைத் தூங்கு என்று அவன் சொல்வதில்லை.

கேஸ் அரியலூர் கோர்ட்டில் நடக்கிறது. பூவிழியும் வீரமணியும் திருப்பூரில் இருக்கிறார்கள். வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறி வந்துவிடுவார்கள். அவள் சொன்ன சாட்சியத்தில் ஒரு வார்த்தை மாற்றவில்லை. அவள் அம்மா கோர்ட் வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள், அப்போதும் மாற்றவில்லை.

போன வாய்தாவுக்குக் கருப்பண்ணன் முன்கூட்டியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கம்பு ஊன்றும் சத்தம் கேட்டது. ஜாமீனில் இருந்த அறிவழகன் வந்தான். முழங்கால் மடங்கவில்லை, காலை வட்டமாகச் சுழற்றி வைத்து நடந்தான். உட்கார வேறு இடம் இல்லை. அதே பெஞ்சின் மறுமுனையில் காலை நீட்டி உட்கார்ந்தான். கருப்பண்ணனின் உடம்பு தானாக இறுகியது. கைக்கு எட்டுகிற தூரத்தில் என்ன இருக்கிறது என்று கண் தேடியது.

எதிரே புங்கமரத்தடியில் பூவிழி வக்கீலோடு பேசிக்கொண்டிருந்தாள். வயிறு கொஞ்சம் மேடிட்டிருந்தது. வீரமணி குடை பிடித்துக்கொண்டு நின்றான்.

"எத்தனை மாசம்?" என்றான் அறிவழகன். அவளைப் பார்த்தபடியே கேட்டான்.

கருப்பண்ணன் பதில் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தான்.

"ஆறு" என்றான்.

அறிவழகன் தலையை ஆட்டினான். கம்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். உள்ளேயிருந்து டவாலி அவன் பெயரைக் கூப்பிட்டார். எழ முயன்றான். முதல் தடவை முடியவில்லை. பெஞ்சைப் பிடித்து இரண்டாவது தடவை எழுந்தான். கருப்பண்ணன் கை கொடுக்கவில்லை. அவன் கதவுக்குள் போய் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகுதான் முதுகைச் சுவரில் சாய்த்தான்.